அப்பாவின் லாரிப் பெட்டி... இப்போது என் கார் டிக்கியில்!

உங்கள் கார் டிக்கியில் இப்போது என்னென்ன இருக்கின்றன என்று பார்க்காமலே சொல்ல முடியுமா? தோழிகள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். போன தீபாவளிக்குத் துணி வாங்கிய கட்டைப்பை, பிள்ளையின் நரம்பறுந்த பேட்மின்டன் மட்டை, கோயிலில் கொடுத்து காய்ந்துபோன தேங்காய் மூடி, இஸ்திரிக்காகக் காத்திருக்கும் துணிமூட்டை என்று பதில்கள் சுவாரஸ்யமாக வரும். "ஸ்டெப்னியில் காத்து இருக்கா?" என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் டிக்கியில் இருப்பதை வரிசையாகச் சொல்வேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் லாரி டிரைவரின் மகள். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சங்ககிரி. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஓனர், டிரைவர், கிளீனர், பட்டறைக்காரர், டயர் கடைக்காரர் என்று லாரியோடு ஏதோ ஒரு சம்பந்தம் இல்லாத வீட்டை எங்கள் பக்கம் பார்ப்பது கஷ்டம். அப்பா 1970-லிருந்து 2003 வரை லாரி ஓட்டினார். கல்கத்தா, பம்பாய், கவுஹாத்தி என்று கிளம்பிப் போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும், ஒரு மாதமும் ஆகும். செல்போன் இல்லாத காலம். போஸ்ட் கார்டு வந்தால் உண்டு.

அவருடைய லாரி கேபினில், சீட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் அம்மாதான் அதை நிரப்புவார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு, புளி, எண்ணெய் என்பது சமையலுக்கு. அது தனி. அடுப்பு மூட்டவே முடியாத நாளுக்கென்று பெட்டியின் அடியில் தகர டப்பா ஒன்று இருக்கும். அதில் அவல், அச்சு வெல்லம், பொட்டுக்கடலை. கூடவே இரண்டு பழைய வேட்டி, கயிறு, தார்ப்பாய்த் துண்டு, மெழுகுவத்தி, மெழுகுத்தாளில் சுற்றிய தீப்பெட்டி, காயத்துக்கு டிஞ்சர், பஞ்சு, தலைவலித் தைலம்.

அந்தப் பெட்டிக்கு அப்பா மூன்று சட்டங்கள் போட்டிருந்தார். ஒன்று, அவசரத்துக்குத் தவிர அதில் கை வைக்கக் கூடாது. இரண்டு, எடுத்ததை அடுத்த ஊர் சந்தையிலேயே வாங்கி நிரப்பிவிட வேண்டும். மூன்றாவதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். "எப்பவும் ஒரு ஆளுக்குச் சேர்த்து வை."

1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமா பகுதியைப் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்றைக்கு அப்பா கல்கத்தாவிலிருந்து சரக்கோடு திரும்பிக்கொண்டிருந்தார். விஜயவாடாவுக்கு முன்னால், முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நான்கு நாள் சாலையிலேயே கிடந்திருக்கிறார். மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கடை இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தார்ப்பாயில் மழைநீரைப் பிடித்து, வேட்டியில் வடிகட்டி, காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். இரண்டாம் நாளே பக்கத்து லாரிக்காரர்களிடம் சாப்பாடு தீர்ந்துவிட்டது. அம்மா கட்டிக் கொடுத்த அவலை ஏழு பேர் நனைத்துத் தின்றார்களாம்.

அந்த நான்கு நாளும் அம்மாவுக்கு ஒரு தகவலும் இல்லை. "நான் எப்படி இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. ஆனா பெட்டியில என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான் அவ இருந்திருக்கா" என்பார் அப்பா. அவசரகாலப் பெட்டி எதற்கு என்று இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அது பயணம் போகிறவருக்கு மட்டும் அல்ல, வீட்டில் காத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

கல்யாணமாகி நான் தாம்பரம் வந்தேன். 2014-ல் ஒரு பழைய காரை வாங்கினோம். முதல் தடவை வந்து பார்த்த அப்பா பேனட்டைத் திறக்கவில்லை. டிக்கியைத்தான் திறந்தார். "பெட்டி எங்க கண்ணு?" என்றார். அன்று சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தோம். மூடியின் உட்புறம் ஒட்டுவதற்குப் பட்டியலைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வருடமே, 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி வரை என்று கேள்விப்பட்டோம். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, ஏ.டி.எம். இல்லை. கார் பெட்டியில் இருந்த டார்ச்சும் சில்லறை நோட்டுகளும் அந்த நாலு நாளும் எங்கள் மாடிக்கே உதவின. அதற்குப் பிறகு என் கணவர் அப்பாவின் பெட்டியைக் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டார்.

பெட்டியில் என்னென்ன?

பத்து வருடங்களில் கூட்டியும் குறைத்தும் இப்போது ஒரு கணக்குக்கு வந்திருக்கிறேன். எங்கள் கணக்கு நான்கு பேர், பன்னிரண்டு மணி நேரம். சென்னை - திருச்சி சாலையிலோ, தொப்பூர் கணவாயிலோ, ஊட்டி மலைப்பாதையிலோ ஒரு மரமோ மண்சரிவோ விபத்தோ வழியை மறித்துவிட்டால், அரை நாளைக் கழிக்கத் தேவையானவை இருந்தால் போதும். வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

முதலில் வண்டிக்கு. காற்று சரியாக இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுத்துப் போகும் கயிறு, ஜம்பர் கேபிள், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டிக் காற்று அடிக்கும் சின்ன பம்ப். சில புதிய கார்களில் ஸ்டெப்னியே தருவதில்லை. பஞ்சர் கிட் மட்டும்தான் இருக்கும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். கயிற்றை மாட்டும் கொக்கியும் பல கார்களில் தனியாகத்தான் இருக்கிறது. டூல்ஸ் பையில் இருக்கும் அதை பம்பரில் திருகி மாட்ட வேண்டும். எந்த இடத்தில் என்பதை மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்துகொண்டே தேடுகிற விஷயம் அல்ல இது.

சிவப்பு முக்கோணம் காரோடு தருகிறார்கள். பல வீடுகளில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அதை வண்டிக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பத்தடியில் வைத்தால், வேகமாக வருகிற பஸ்ஸுக்கு அது தெரிந்தும் பயனில்லை. கூடவே இரண்டு ஒளிரும் ஜாக்கெட்டுகள். கட்டடத் தொழிலாளர்கள் போடுவார்களே, அதேதான், அதிக விலையில்லை. இரவில் டயர் மாற்றுகிற மனிதரை லாரி டிரைவரின் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். வண்டி நின்றதும் குடும்பத்தை உள்ளே உட்கார வைக்காமல், இடது பக்கமாக இறக்கி, சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட வேண்டும்.

அடுத்தது ஆட்களுக்கு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அவல், நாட்டுச் சர்க்கரை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பிஸ்கட். அவலுக்கு அடுப்பு வேண்டாம், தண்ணீர் தெளித்துச் சர்க்கரை போட்டால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், குளுக்கோஸ் பவுடர், முதலுதவிப் பெட்டி. தலையில் மாட்டிக்கொள்கிற டார்ச். கையில் பிடிக்கிற டார்ச் என்றால் ஜாக்கி சுற்ற ஒரு கைதான் மிஞ்சும். மழைக்கோட்டு, ஒரு போர்வை, விசில், சானிட்டரி நாப்கின், டிஷ்யூ, குப்பைப் பைகள். பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாக இரண்டாயிரம் ரூபாய். டவர் விழுந்தால் ஜிபே-யும் கூடவே விழுந்துவிடும். டீக்கடைக்காரர் 500 ரூபாய்க்குச் சில்லறை எங்கே போவார்?

ஒரு காகிதத்தில் தொலைபேசி எண்கள். வீட்டார் எண்களில் நம் எத்தனை பேருக்கு மனப்பாடமாகத் தெரியும்? அவற்றோடு 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, தேசிய நெடுஞ்சாலையில் சிக்கினால் 1033, பேரிடர் என்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இன்ஷூரன்ஸ் பாலிசி எண்ணும் அதே காகிதத்தில் இருக்கிறது.

கடைசியாக, இரண்டு வேட்டி. அப்பா பட்டியலில் இதுதான் முதல் வரி. கட்டுப்போட, தூளி கட்ட, வெயிலை மறைக்க, உடைந்த கண்ணாடியை மூட, ஈரத்தைத் துடைக்க, நாலு பேர் பிடித்தால் ஒருவரைத் தூக்கிப்போக. எட்டு முழ வேட்டி செய்கிற வேலையை எந்தக் கடை சாமானும் செய்யாது என்பார். இன்னொரு முக்கியமான உபயோகமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இவை எல்லாம் டிக்கிக்கு. ஆனால் ஒரு பொருள் டிக்கியில் இருக்கவே கூடாது. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல். சீட் பெல்ட்டை அறுக்கும் பிளேடும் அதிலேயே இருக்கும். அது டிரைவர் சீட்டிலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும். முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியின் ஓரத்தில், மூலையில் அடிக்க வேண்டும்.

சுத்தியலைவிடப் பெரிய பாதுகாப்பு, தண்ணீருக்குள் இறங்காமல் இருப்பது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில் அதேபோல ஒரு சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் இருவர். கிட்டத்தட்ட ஒரு அடி ஓடும் தண்ணீரே சின்ன காரை நகர்த்திவிடும். இரண்டு அடி என்றால் பெரிய காரும் மிதக்கும். ஆழம் தெரியாத தண்ணீர் என்றால் வண்டியைத் திருப்புவதுதான் ஒரே வழி. மீறி மாட்டிக்கொண்டால், கதவோடு மல்லுக்கட்டாமல், மோட்டார் வேலை செய்யும்போதே ஜன்னலை இறக்கி வெளியேறிவிட வேண்டும். தண்ணீரில் இன்ஜின் அணைந்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே போன தண்ணீர் இன்ஜினையே வளைத்துவிடும்.

பட்டியலில் ஒரு சண்டை

அம்மா 2019-ல் காலமான பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அவர் வாயால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். மாத்திரையைப் போட்டுக்கொள்வார், அதைப் 'பித்த மாத்திரை' என்பார். முப்பத்து மூன்று வருடம் ராத்திரி பகலாக ஸ்டியரிங் பிடித்தவர். தனக்கு ஒருவர் துணை வேண்டும் என்பது அவருக்குப் பிடிக்காத விஷயம்.

குளுக்கோஸ் பவுடரைப் பட்டியலில் சேர்த்தபோது, "இது யாருக்கு?" என்றார். "உங்களுக்குத்தான்பா. மாத்திரை போட்டுட்டுச் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கிரும்" என்றேன். பேனாவை வாங்கி, பட்டியலில் 'குளுக்கோஸ் - வர்றவங்களுக்கு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதாவது, வழியில் பார்க்கிற யாருக்காவது. அவருக்கு இல்லை. நானும் விட்டுவிட்டேன். டப்பா பெட்டியில் இருந்தால் சரி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பேய் மழை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. டிசம்பர் 1 ராத்திரி ஊரிலிருந்து போன் வந்தது. பெரியப்பா தவறிவிட்டார். அப்பாவுக்கு இருந்த ஒரே அண்ணன். போகாமல் இருக்க முடியுமா? திங்கள்கிழமை விடிகாலை நான்கு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். கணவர் ஓட்டினார், முன் சீட்டில் அப்பா, பின்னால் நானும் மகளும்.

திண்டிவனத்தில் ஆறு மணிக்கு நிறுத்தினோம். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அதற்கு மேல் இறங்கவில்லை.

விழுப்புரம் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன, பிறகு நின்றேவிட்டன. அரசூர் பக்கம் மலட்டாற்று வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே ஓடுகிறது என்று செய்தி வந்து சேர்ந்தது. முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை லாரிகள், ஆம்னி பஸ்கள், கார்கள். பின்னாலும் அப்படியே. நடுவில் தடுப்பு. திரும்பவும் வழியில்லை.

ஒன்பது மணி வரை எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒவ்வொரு தேவை இறங்க ஆரம்பித்தது. எங்கள் முன்னால் நின்ற பஸ்ஸில் நிறையப் பெண்கள். ராத்திரியிலிருந்து பயணம் செய்கிறவர்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வயல். ஒதுங்க ஒரு புதர் இல்லை. வேட்டியின் இன்னொரு உபயோகம் என்று சொன்னேனே, அது இதுதான். நானும் மகளும் இறங்கி, சாலை ஓரத்தில் இரண்டு வேட்டிகளையும் கயிற்றோடு இழுத்துப் பிடித்து மறைப்பு கட்டினோம். ஒரு மணி நேரம் பெண்கள் வரிசையாக வந்து போனார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் என் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்லா இருப்ப தாயி" என்றார். எந்தக் கடையில் விற்கும் அவசரகாலக் கிட்டிலும் இது இருக்காது. பெண்கள் பெட்டி கட்டினால்தான் இது ஞாபகத்துக்கு வரும்.

பத்தரை மணிக்கு நான் திரும்பி வந்தபோது அப்பா சீட்டில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் கணவர் நினைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஏ.சி. இல்லை என்றாலும் வியர்க்கிற நாளா அது? கை நடுங்கியது. "அப்பா" என்று கூப்பிட்டேன். "விஜயவாடா வந்துருச்சா?" என்றார்.

என் அடிவயிறு கலங்கியது. கைப்பையில் இருந்த குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்தினேன். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மகள் பெட்டியைத் திறந்து, தேடாமல் குளுக்கோஸ் டப்பாவை எடுத்தாள். எந்தப் பொருள் எந்த மூலையில் என்று வருடா வருடம் அவளும்தானே அடுக்குகிறாள்! மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கி, அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். அவர் விழுங்கினார். விழுங்கும் நினைவு இருக்கிறவருக்குத்தான் வாயில் கொடுக்கலாம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்த கணக்கு, பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம், மறுபடி பரிசோதனை. அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே... 108-க்கு அடித்துப் பார்த்தோம். லைன் கிடைத்தாலும் அந்த வரிசைக்குள் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? கணவர் அப்பாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை பார்த்தபோது 84. அப்பா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். "என்ன எல்லாரும் என்னையே பார்க்குறீங்க?" என்றார். பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. குளுக்கோஸ் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கியும்விடும். அதனால் அவலை நனைத்துச் சாப்பிட வைத்தோம்.

எங்களுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. பால் பவுடர் இருக்கிறது, வெந்நீர் இல்லை. தெளிந்துவிட்ட அப்பா நாலு வண்டி தள்ளி நின்ற லாரியைக் காட்டி, "அங்க ஸ்டவ் இருக்கும், போய்க் கேளுங்க" என்றார். நாமக்கல் வண்டி. அந்த டிரைவர் தம்பி வெந்நீர் போட்டுக் கொடுத்ததோடு, எங்களுக்கும் டீ கொண்டு வந்தார். அப்பா அவரிடம் எங்கள் பெட்டியிலிருந்து கடலை மிட்டாயை நீட்டினார். இருவரும் டயரைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிட ஆரம்பித்தார்கள். வரிசை அசைந்ததும் எல்லாரும் அவசரமாகக் கிளம்பினார்கள். கனரக வண்டிகளின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கற்கள் சாலை நடுவிலேயே கிடந்தன. அப்பா கார் கதவைத் திறந்துவிட்டார். "மாப்ளைங்களே, அந்தக் கல்லு ரெண்டையும் எடுத்து ஓரமாப் போட்டுட்டு வந்துருங்க. ராத்திரி வர்ற டூவீலர்காரன் பார்க்க மாட்டான்." பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. என் கணவர் இறங்கிப்போய் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

நாங்கள் ஊர் போய்ச் சேரும்போது இரவு மணி பதினொன்று. மதியமே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணன் முகத்தை அப்பாவால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. எந்தப் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை பெட்டியைக் கொட்டிக் கவிழ்க்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, சித்திரை வெயிலுக்கு முன் ஒரு முறை. நம் ஊரில் பெட்டிக்கு மழையைவிடப் பெரிய எதிரி வெயில். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் பவர் பேங்க், லைட்டர், சானிட்டைசர், சென்ட் ஸ்பிரே எதையும் காரிலேயே விட்டுவைப்பதில்லை. வெடிக்கலாம், தீப்பிடிக்கலாம். மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் ஸ்டிரிப் எல்லாம் கைப்பையில் கூடவே வரும், கூடவே இறங்கும். சூட்டில் அவற்றின் வீரியம் போய்விடும். தண்ணீர் பாட்டில்களை வாரம் ஒரு முறை மாற்றி, பழையதைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். சாக்லேட் உருகிவிடும், சர்க்கரை இறங்கினவருக்கு அது வேகமாக வேலை செய்வதும் இல்லை. கடலை மிட்டாயும் அவலும் பொட்டுக்கடலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். பழையவை கெடுவதற்கு முன்பே வீட்டில் உப்புமாவாகவும் சட்னியாகவும் ஆகிவிடும்.

டார்ச்சின் பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் வைக்கிறோம், உள்ளேயே இருந்தால் கசிந்து டார்ச்சையும் கெடுத்துவிடும். ஸ்டெப்னிக்குக் காற்று, மற்ற நாலு டயருக்கு அடிக்கிற அன்றே. இரவில் வழியில் சிக்கி, காருக்குள் தூங்க வேண்டி வந்தால், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டபடி ஏ.சி.யில் தூங்குவது கூடாது. புகைக்குழாய் தண்ணீரிலோ சேற்றிலோ அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது, எழுப்பிவிடாது.

மொத்தப் பெட்டிக்கும் புதிதாக நான் செலவழித்தது மூவாயிரம் ரூபாய்க்குள்தான். பாதிப் பொருட்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். என் மகள் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை வைத்திருக்கிறாள். அதில் மழைக்கோட்டு, நாப்கின், நூறு ரூபாய் நோட்டு இரண்டு, எண்கள் எழுதிய காகிதம், விசில், கட்டுத்துணி. பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் கைப்பையிலேயே ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு கைப்பிடி கடலை மிட்டாய், இரண்டு வேளை மாத்திரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது ஒரு வேளை தவறினால் ஆபத்தோ, அதுதான் உங்கள் பட்டியலின் முதல் வரி.

அந்த டிசம்பர் பயணம் முடிந்து தாம்பரம் திரும்பிய மறுநாள், தீர்ந்துபோனதை எல்லாம் நிரப்பினோம். இரண்டாவது சட்டம். அவல் புதிது, குளுக்கோஸ் புதிது, வேட்டி துவைத்து மடித்தது. பட்டியலும் மழையில் நனைந்து கிழிந்திருந்தது. அப்பா புதிதாக எழுதித் தருகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அவருக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது, ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது.

எழுதிய தாளைப் பெட்டி மூடியில் ஒட்டும்போது படித்துப் பார்த்தேன். எல்லாம் பழைய வரிசைதான். குளுக்கோஸ் இருக்கிற வரி மட்டும் மாறியிருந்தது.

'குளுக்கோஸ் 2 டப்பா. ஒண்ணு எனக்கு. ஒண்ணு வர்றவங்களுக்கு.'